எடை இறங்கவில்லையா? கலோரிக் கணக்கிலும் கார்ப் குறைப்பிலும் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கலோரி எண்ணித்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை என்பார் ஒருவர். சோற்றைத் தொட்டே மாதமாகிறது, அப்படியும் நகரவில்லை என்பார் இன்னொருவர். இருவருக்கும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் "அதை விட்டுட்டு இதைப் பண்ணுங்க" என்பதுதான். முறையை மாற்றும் முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பல நேரம் முறையில் பிழை இருக்காது. அளந்த விதத்திலோ, எண்ணெயிலோ, எடை பார்த்த நாளிலோ இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முதல் பகுதியைத் தாண்ட வேண்டாம். கலோரி என்று இங்கே சொல்வதெல்லாம் உணவு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கிலோகலோரி. கார்ப் என்றால் மாவுச்சத்து.

மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று சோற்றையும் இட்லியையும் நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாவுச்சத்துக்கு ஏற்பத்தான் மருந்தின் அளவு முடிவாகியிருக்கும். சாப்பாடு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, சில சமயம் மயக்கம் வரை போகும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் இவை. இவற்றோடு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். குளுக்கோமீட்டர் அப்போது பெரிதாக எதையும் காட்டாமலும் இருக்கலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய், எந்த மாத்திரை, எந்த டயட் இரண்டையும் சொல்லுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டிவரும். உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அது டயட்டின் பலவீனம் என்று நீங்களே முடிவு கட்டாமல் அழுத்தத்தைப் பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டு முறையையும் தொடங்கக் கூடாது. சாப்பாட்டைப் பற்றிய பயமோ, சாப்பிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ முன்பு இருந்தவர்களுக்கு, சாப்பிட்டதை எழுதினால் கலோரியைக் கூட்டிக் காட்டும் ஃபோன் ஆப் ஏற்றதே அல்ல.

எது உசத்தி என்ற சண்டையை ஓரமாக வைத்துவிடுவோம்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தது. ஓர் அணி கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. யாருக்கும் கலோரி வரம்பு வைக்கவில்லை. இரண்டு அணிக்கும் காய்கறி நிறைய, மைதாவும் சர்க்கரையும் குறைவு என்பது பொது. 2018-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த முடிவு: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல்படி இது ஒரு வித்தியாசமே இல்லை. இரண்டு அணியிலும் மிக நிறையக் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

மாவுச்சத்தைக் குறைப்பது கலோரிக்கு எதிரான ஏதோ தனி வித்தை போலப் பேசப்படுகிறது. அது கலோரி குறைவதற்கான இன்னொரு வழிதான். நம் சாப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வெறும் வத்தக்குழம்பை யாரும் குடிப்பதில்லை. சோறு குறைந்தால் அதோடு குழம்பும், பொரியலில் இருக்கும் எண்ணெயும், தொட்டுக்கொள்ளும் அப்பளமும் தானாகக் குறையும். எண்ணாமலே கணக்கு இறங்கிவிடும். எண்ணுவதற்கு இருக்கும் பலம் வேறு. எங்கே கூடுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: இரண்டு வாரம் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அப்புறம் நீண்ட நாளைக்குச் சோற்றின் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நேற்று 71.2, இன்று 72.4

ஒரு ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்காது. ஏறியது தண்ணீர். முந்தின நாள் ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாப்பாடு என்று உப்பு அதிகமாகியிருக்கும், அல்லது மலம் கழியாமல் இருக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ கூடித் தெரிவது சாதாரணம்.

காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மெஷினில், டைல்ஸ் தரையில் வைத்து எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் போன மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் இருக்காது. நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து வையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். எடை அசையாமல் இடுப்பு குறைந்துகொண்டு வந்தால் கோளாறு எதுவும் இல்லை, அப்படியே தொடருங்கள்.

அறிகுறி: சோற்றை நிறுத்திய முதல் வாரம் மூன்று கிலோ போனது, அப்புறம் நின்றுவிட்டது

இது கோளாறே இல்லை. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துச் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை வெட்டியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியே போகிறது. அதோடு இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும், உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் போனதில் பெரும்பகுதி இதுதான்.

இந்த முதல் வார எண்ணை வைத்துத்தான் பலர் கார்ப் குறைப்பை வானளாவப் புகழ்கிறார்கள். இரண்டாம் வாரம் அரைக் கிலோ மட்டும் குறைந்ததும் மனம் உடைந்து நிறுத்துகிறார்கள். நிறுத்தி இரண்டு நாள் சோறு சாப்பிட்டதும் போன தண்ணீர் திரும்பி வரும், "பார்த்தீங்களா, சோறு சாப்பிட்டாலே ஏறுது" என்ற முடிவுக்கு வருகிறார்கள். முதல் பத்து நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பதினோராம் நாள் எடையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

அறிகுறி: ஆப்பில் நாளுக்கு 1,400 காட்டுகிறது, ஒரு மாதமாக எடை அசையவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் விரிவாகப் பார்ப்போம். 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடல் கலோரி எரிக்கும் வேகத்தில் குறையே இல்லை. உண்மையில் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணால் அளந்தால் யாருக்கும் இதுதான் நடக்கும். உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாமல், கீழே உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

முதலில் அரிசி. 100 கிராம் பச்சையான அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதுவே வெந்து 270, 300 கிராம் சோறாகிவிடும், அப்போது 100 கிராமுக்குச் சுமார் 120 முதல் 130 வரைதான். அரிசியாக அளந்துவிட்டு ஆப்பில் சோறு என்று போட்டால் ஒரு வேளைக்கே 220 கலோரி காணாமல் போகும். மாற்றிப் போட்டால் நேர் எதிராக, பட்டினி கிடப்பீர்கள்.

ஒரே ஒரு நாள் உங்கள் வீட்டுப் பானையை அளந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். வெறும் குக்கர் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் அரிசி போடுகிறீர்கள், மொத்தம் 1,050 கலோரி. வெந்த பிறகு பாத்திரத்தின் எடையைக் கழித்தால் சோறு 840 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,050-ஐ 840-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 1.25. இப்போது நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவைத் தட்டில் போட்டு நிறுங்கள். 320 கிராம் வந்தால் அது 400 கலோரி. உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை கரண்டி என்று எண்ணி மனதில் வைத்துக்கொண்டால் மறுநாளிலிருந்து தராசு வேண்டாம். கஞ்சி வடிக்கும் வீடுகளில் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும், அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அடுத்து எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி, கொழுப்பில் 9. ஆப்பில் "தோசை ஒன்று" என்று போட்டால் யாரோ ஒருவர் வீட்டுத் தோசையின் கணக்குத்தான் வரும். உங்கள் வீட்டில் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தோசை வார்க்கும் முன் எண்ணெய்ப் பாத்திரத்தை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், வார்த்து முடித்ததும் மறுபடி நிறுங்கள். 640 கிராம் 602 ஆகியிருந்தால், ஆறு தோசைக்கு 38 கிராம் எண்ணெய், 342 கலோரி. தோசைக்கு 57 கலோரி எண்ணெயில் மட்டும். தாளிப்புக்கும் பொரியலுக்கும் இதே போல அளக்கலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சுருக்கு வழி ஒன்று உண்டு: மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? ஒரு லிட்டரில் சுமார் 8,200 கலோரி. நாலு பேர் வீட்டில் மூன்று லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 205. ஐந்து லிட்டர் தீர்ந்தால் 340-க்கு மேல். ஒரு லிட்டரைக் குறைத்தாலே, யாரும் எதையும் விடாமல், ஆளுக்கு நாளுக்கு 70 கலோரி குறைகிறது.

தேங்காயையும் சட்னி என்ற பெயரில் தப்பவிடக் கூடாது. 100 கிராம் துருவலில் ஏறக்குறைய 350 கலோரி. நாலு பேர் தொட்டுக்கொண்டால் ஆளுக்கு 90, மேலே தாளித்த எண்ணெய் தனி. இட்லிக்கு மட்டும் கணக்கு எழுதிவிட்டுச் சட்னியை எழுதாதவர்கள் நிறையப் பேர்.

காபி, டீ. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. 100 மில்லிக்கு ஆரஞ்சில் சுமார் 90 கலோரி, நீலத்தில் 60. இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. ஆரஞ்சுப் பாலில் 100 மில்லி விட்டுக் காபி போட்டால் டம்ளருக்கு 130, நாளுக்கு நாலு டம்ளர் என்றால் 520. இது ஒரு முழுச் சாப்பாடு. பாலை நீலத்துக்கு மாற்றி, சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்கி, மூன்று டம்ளரோடு நிறுத்தினால் 240-க்கு வந்துவிடும்.

கடைசியாக சனி, ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 400 கலோரி மிச்சம் பிடித்தால் மொத்தம் 2,000. சனிக்கிழமை கல்யாண விருந்து, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி என்று நாளுக்கு ஆயிரம் கூடினால் அந்த 2,000-மும் போய்விட்டது. ஆப்பில் ஐந்து நாள் பச்சைக் கோடு தெரியும், எடை அசையாது. பிரியாணியை விட வேண்டாம். அந்த நாட்களையும் எழுதுங்கள், மொத்தத்தை வாரக் கணக்காகப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, நிறுத்து எழுதியும் ஆறு வாரமாக அசையவில்லை என்றால், டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. மருந்தை நீங்களே நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அறிகுறி: ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, காலையில் சிறுதானியம், ஒரு மாற்றமும் இல்லை

தமிழ்நாட்டில் டயட் என்றாலே ராத்திரி சப்பாத்தி என்றாகிவிட்டது. 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி சுமார் 100 கலோரி. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுட்டால் 145. மூன்று சாப்பிட்டால் 435, குருமா தனி. 300 கிராம் சோறு 375. எதைக் குறைத்தீர்கள்? கோதுமையும் தானியம்தான், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாமே அதே ரகம். நார்ச்சத்து கூட இருக்கும், நல்ல உணவுதான். ஆனால் வரகுப் பொங்கலை நெய் மிதக்கத் தின்றால் எடை குறையாது.

ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் சர்க்கரை நோய் அபாயத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதும் அதில் உண்டு.

தானியத்தை மாற்றாமல் அளவை மாற்றுங்கள். உங்களுக்குச் சோறு பிடிக்குமானால் சோறே சாப்பிடுங்கள், 320 கிராமை 160 ஆக்குங்கள். காலியான பாதித் தட்டில் காயும் புரதமும் வர வேண்டும். எதுவும் வைக்காமல் விட்டால் அடுத்த தலைப்புக்கு அடுத்ததில் சொல்லியிருக்கும் பசிதான் வரும்.

அறிகுறி: தானியமே இல்லை, பாதாம், நெய், முட்டை, தேங்காய்தான், அப்படியும் நிற்கிறது

தானியத்தை விட்டுக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் பேலியோ, கீட்டோ டயட்டுகளைப் பின்பற்றுபவர்களுக்கு இது வரும். காலையில் 100 பாதாம் என்பது நம்மூரில் பேலியோவோடு சேர்ந்து பரவிய அளவு. ஒரு பாதாம் 6, 7 கலோரி. நூறு என்றால் 600 முதல் 700. இரண்டு நேரச் சாப்பாட்டை விட்டவருக்கு அது சரியாக இருக்கலாம். பாதாம் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு வெண்ணெய் போட்ட டீ, மதியம் நெய்யில் வறுத்த சிக்கன், சாயங்காலம் தேங்காய்த் துண்டு என்று போனால் கார்ப் 40 கிராமுக்குள் இருக்கும், கலோரி 2,500-ஐத் தாண்டும்.

மாவுச்சத்து குறைந்தால் எவ்வளவு கொழுப்பும் சாப்பிடலாம் என்பது தவறு. வெளியிலிருந்து கொழுப்பு வந்துகொண்டே இருந்தால் உடல் அதைத்தான் எரிக்கும், இடுப்பில் இருப்பதைத் தொடாது. வயிறு நிறைந்த பிறகும் "டயட்டில் இருக்கிறது" என்பதற்காக நெய் சேர்ப்பதை நிறுத்துங்கள். பாதாமை 25 ஆக்கி, இரண்டு முட்டை சேருங்கள். நெய், எண்ணெய், தேங்காய் மூன்றையும் ஒரு வாரம் தராசில் எடை போட்டுப் பாருங்கள், கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வழியில் போகிறவர்கள் தொடங்கும் முன் ஒரு தடவையும் மூன்று மாதத்தில் ஒரு தடவையும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் நன்றாகவே ஏறும். எடை குறைகிறதே என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

அறிகுறி: கணக்கு சரியாக இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசி தாங்கவில்லை

மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காலையிலும் மதியமும் தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். நாலு இட்லி, சட்னி. மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று தோன்றும். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம், அதில் வைத்த சாம்பாரை நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 5 கிராம்தான். அன்று மதியம் வரை இந்தத் தட்டில் புரதம் 20 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். ஐந்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவது இயல்பு.

எடை குறைக்கும் காலத்தில், நீங்கள் போய்ச் சேர விரும்பும் எடைக்கு, கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ இலக்கென்றால் 72 கிராம். இதில் பாதியாவது மதியத்துக்குள் உள்ளே போக வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, 30 கிராம் சோயா உருண்டையில் 15, 100 கிராம் மீன் அல்லது கோழியில் 20-க்கு மேல், 100 கிராம் பனீரில் 18. சைவக்காரர்களுக்கு இது சற்றுச் சிரமம்தான். பருப்பு, சுண்டல் இரண்டிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் வரும். அதற்கு இடம் விட்டுச் சோற்றைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும், சுண்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பசி அடங்க மாவுச்சத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த உணவும், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும், வேண்டிய அளவு சாப்பிடக் கொடுத்தது. 2021-ல் வெளியான முடிவில், கொழுப்பு குறைந்த உணவின்போதுதான் அவர்கள் நாளுக்கு 690 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். அதே குழு 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆலையில் பதப்படுத்திய பாக்கெட் உணவுகளைக் கொடுத்தபோது ஆட்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள். கடையில் "கீட்டோ" என்று எழுதி விற்கும் பிஸ்கட்டும் பாக்கெட் உணவுதான், டயட் பெயர் போட்டதால் அது பசியை அடக்கிவிடாது. கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சுரைக்காய், பூசணி போன்று தட்டை நிரப்பி கலோரி குறைவாக வரும் காய்களைச் சோற்றின் அளவுக்குச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல்

மாவுச்சத்தை வெட்டிய முதல் வாரத்தில் வந்தால் உப்பும் தண்ணீரும்தான் காரணம். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர், ஒரு கிண்ணம் ரசம், போதுமான தண்ணீர் என்றால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, கொத்தவரங்காய், கீரை. போதாவிட்டால் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, நிறையத் தண்ணீரோடு.

இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டினால் வேகமாகக் குறைந்ததன் விளைவாக இருக்கலாம். பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனாலும் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, புரதத்தைக் கூட்டுங்கள். வலது பக்க மேல்வயிற்றில் சாப்பிட்டதும் கடுமையான வலி வந்தால் ஸ்கேன் எடுங்கள், மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவதுண்டு.

அறிகுறி: ஐந்தாறு மாதம் நன்றாகக் குறைந்து, இப்போது நின்றுவிட்டது

உடல் சிறியதானால் அதன் செலவும் சிறியதாகும். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ அதே ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது என்பது கெவின் ஹால் குழுவின் கணக்கு. 84 கிலோவிலிருந்து 74-க்கு வந்தவருக்குப் பழைய 1,700 கலோரி இப்போது குறைப்பதற்கான அளவாக இருக்காது, கிட்டத்தட்ட நிற்பதற்கான அளவாகியிருக்கும். அதோடு ஆறு மாதத்தில் கை தானாகத் தாராளமாகியிருக்கும். கரண்டி நிரம்பி வழியும், எண்ணெய் பழையபடி ஊற்றப்படும்.

இங்கே கார்ப் குறைப்பவர்கள் இரண்டு வாரம் எண்ணிப் பார்க்க வேண்டும், எண்ணுபவர்கள் மறுபடி தராசை எடுக்க வேண்டும். கூடியது தெரிந்தால் அதைச் சரிசெய்தால் போதும். எதுவும் கூடவில்லை என்றால் நாளுக்கு 150, 200 கலோரி குறையுங்கள், சோற்றில் ஒரு கரண்டியும் எண்ணெயில் ஒரு ஸ்பூனும் அந்த அளவுக்கு வந்துவிடும். நடையும் உதவும், ஆனால் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 200 கலோரிதான், நடந்துவிட்டு வந்து ஒரு வடையும் டீயும் என்றால் முடிந்தது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்தால் தசை கரையாமல் நிற்கும்.

பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 1,500 கலோரிக்குக் கீழே சொந்தமாக இறங்காதீர்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால் ஒரு மாதம் குறைப்பதை நிறுத்தி, இருக்கும் எடையைக் காப்பாற்றுங்கள். அதுவும் வேலைதான்.

அறிகுறி: டயட்டை விட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது

சோற்றை முழுதாக விட்டுக் குறைத்தவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. ஒரு நாள் வாழ்நாள் முழுக்க இப்படி முடியாது என்று தோன்றும், அன்றே மூன்று வேளையும் பழையபடி ஆகிவிடும். தொடங்கும்போதே பொங்கலன்று, அம்மா வீட்டுக்குப் போகும் அன்று, இதே முறையில் எப்படிச் சாப்பிடுவேன் என்று யோசித்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் அவ்வளவு கடுமையாக வெட்டாதீர்கள். ஹாஸ்டலிலும் ஹோட்டலிலும் சாப்பிடுபவர்களுக்கு நிறுத்து எண்ண வழியில்லை, சோறு அரைப்பங்கு, பூரி பரோட்டா வேண்டாம் என்ற விதி எளிது. வீட்டில் சாப்பிட்டு, சோறில்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு எண்ணும் வழிதான் நிலைக்கும்.

ஏற்கெனவே சோற்றை விட்டிருந்தால் ஒரே நாளில் திரும்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் மதியம் மட்டும் 50 கிராம் சோறு சேருங்கள். முதல் சில நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும், அது கிளைக்கோஜனும் தண்ணீரும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு வாரச் சராசரி நிலையாக இருந்தால் இன்னொரு 50 கிராம். எந்த அளவில் சராசரி மெல்ல ஏறத் தொடங்குகிறதோ அதற்கு முந்தின அளவுதான் உங்களுடையது. அதைக் கரண்டிக் கணக்கில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். வாரச் சராசரி அந்த எடையை விட இரண்டு கிலோ கூடினால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே தராசை வெளியே எடுத்து, எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்.